கொம்பு எந்தப் பக்கம்?

திங்கட்கிழமை காலையில் ஒன்றாம் வகுப்புக்குப் பாடம் நடத்துவது நடக்கிற காரியமில்லை. வெள்ளிக்கிழமை நாலு மணிக்குப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிய பிள்ளை, இரண்டு நாளில் ஊர்ப்பட்ட சேதியைச் சேர்த்துக்கொண்டு வந்திருக்கும். ஒருத்தி வீட்டில் கிடாவெட்டு. ஒருத்தனுடைய மாமா சிங்கப்பூரிலிருந்து வந்திருக்கிறார். இன்னொருத்தன் முழங்காலில் புதுசாக ஒரு கட்டு. அதையெல்லாம் இறக்கி வைக்காமல் அவர்கள் காதில் வேறெதுவும் ஏறாது. சிவகங்கை மாவட்டத்துக் கிராமம் ஒன்றில், ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு எடுக்கும் டீச்சருக்கு இது நன்றாகத் தெரியும். அதனால் திங்கட்கிழமை முதல் மணியைப் பிள்ளைகளிடமே கொடுத்துவிடுகிறார்.

ஈராசிரியர் பள்ளி அது. நாலு, அஞ்சு வகுப்புகள் எச்.எம்.மிடம். ஒன்று முதல் மூன்று வரை ஒரே அறையில் இந்த டீச்சரிடம். கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரைக்கும் இரண்டு ஆசிரியர்தான் கணக்கு; வகுப்பு ஐந்து இருக்கிறதே என்று கேட்டால் அதற்குச் சட்டத்தில் பதில் கிடையாது. ஆகவே ‘ஒன்றாம் வகுப்பு அறை’ என்று தனியாக ஒன்று அங்கே இல்லை. பாயின் இடது ஓரம்தான் ஒன்றாம் வகுப்பு. அந்த ஓரத்தில் பதினொரு பேர். நான் போயிருந்தது இரண்டாம் பருவத்தின் நடுவில், மழைக்காலத்தில்.

காலை உணவு முடிந்து, கை கழுவிய ஈரத்தோடு வந்து உட்கார்கிறார்கள். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் விரிந்த காலை உணவுத் திட்டம். இதைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. ஒன்றாம் வகுப்புக்குக் கிடைத்த லாபத்தை டீச்சர் ஒரே வரியில் சொன்னார்: பத்தரை மணிக்கு மேல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுக்கிற பிள்ளை இப்போது இல்லை.

“எங்க ஆடு குட்டி போட்டுச்சு டீச்சர்” என்று எழுந்தாள் ஒரு சிறுமி.

“எத்தன குட்டி?”

“ரெண்டு. ஒன்னு கருப்பு. ஒன்னு செத்துப்போச்சு.”

அடுத்தவனுக்கு உடனே அவன் வீட்டு மாடு ஞாபகம் வந்துவிட்டது. மாட்டிலிருந்து பேச்சு டிராக்டருக்குத் தாவியது. டீச்சர் எதையும் தடுக்கவில்லை. கடைசியில் எழுந்துபோய், கரும்பலகையில் கொட்டை எழுத்தில் ‘ஆடு குட்டி போட்டது’ என்று எழுதினார். பாடநூலில் அன்றைக்கு வரவேண்டிய பக்கம் வேறு.

ஆட்டுக்காரச் சிறுமியைக் கூப்பிட்டு, “நீ சொன்னதத்தான் எழுதிருக்கேன், படி பாப்போம்” என்றார். அவள் ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்து, கொஞ்சமும் தயங்காமல், “எங்க ஆடு குட்டி போட்டுச்சு” என்று படித்தாள். பலகையில் ‘எங்க’ இல்லை. ‘போட்டுச்சு’வும் இல்லை. நல்லாப் படிச்ச, போய் உட்காரு என்று அனுப்பிவிட்டார்.

எனக்கு உறுத்தியது, திருத்தவில்லையே என்று இடைவேளையில் கேட்டேன். “தான் சொன்னது அந்தப் பலகையில நிக்கிதுன்னு அவளுக்குத் தெரிஞ்சாப் போதும் சார் இன்னைக்கி. ‘எங்க’ இல்லைங்கிறத அவளே கண்டுபிடிப்பா, பாருங்க” என்றார்.

தமிழ்ப் பிள்ளை ஒன்றாம் வகுப்பில் தாண்டவேண்டிய முதல் வாய்க்கால் இதுதான். வீட்டில் ‘போட்டுச்சு’, புத்தகத்தில் ‘போட்டது’. வீட்டில் ‘வாளப்பளம்’, புத்தகத்தில் ‘வாழைப்பழம்’. பெரியவர்களான நமக்கு இரண்டும் ஒரே தமிழ். ஐந்து முடிந்து ஆறு நடக்கிற பிள்ளைக்கு, பள்ளிக்கூடத்தில் எல்லாரும் கொஞ்சம் விறைப்பாகப் பேசுவதுபோல் இருக்கும், அவ்வளவுதான். தன் பேச்சு தப்பு என்று முதல் வாரத்திலேயே கேட்டுக்கொண்ட பிள்ளை பிறகு வாயைத் திறப்பதில்லை. அப்படி வாயடைத்துப்போன பிள்ளைகளை இரண்டாம் வகுப்பில், மூன்றாம் வகுப்பில் எந்த டீச்சரும் அடையாளம் காட்டுவார்.

தமிழ்நாட்டில் ஒன்றாம் வகுப்பு இந்த நூற்றாண்டில் இரண்டு பெரிய மாற்றங்களைப் பார்த்திருக்கிறது. முதலாவது, செயல்வழிக் கற்றல். ஆந்திராவின் ரிஷிவேலி கிராமப் பள்ளிகளில் நடந்துவந்த முறையைப் பார்த்துவிட்டு, 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் அதைத் தொடங்கியவர் அப்போதைய ஆணையர் எம்.பி. விஜயகுமார். 2007-08இல் மாநிலம் முழுக்க வந்தது. பெஞ்சு போய்ப் பாய் வந்தது. கற்றல் ஏணி, அட்டைகள், பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை, வரைந்ததைத் தொங்கவிடத் தலைக்கு மேல் கம்பிப் பந்தல் என்று வகுப்பறையின் முகமே மாறிப்போனது. அட்டைக்குள் பிள்ளை தொலைந்துபோகிறது, ஆசிரியர் அட்டை எடுத்துக்கொடுக்கும் ஆளாகிவிட்டார் என்று ஆசிரியர்கள் குறைபட்டதும் உண்டு. என் கணிப்பில், அந்தக் குறை பாதி நியாயம். ஆனால் அந்தத் தாழ்ந்த பலகை இருக்கிறதே, அதற்காகவே விஜயகுமாருக்கு ஒரு கும்பிடு போடலாம்.

இரண்டாவது, கொரோனாவுக்குப் பிறகு வந்த எண்ணும் எழுத்தும். இரண்டு வருடம் பள்ளியே காணாத பிள்ளைகள் மூன்றாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தபோது, எட்டு வயதுக்குள் எல்லாருக்கும் எழுத்தும் எண்ணும் வந்தாக வேண்டும் என்று 2022 ஜூனில் திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் இந்தத் திட்டத்தைத் தொடங்கினார்கள். அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலை. பிள்ளை எந்த வகுப்பில் இருக்கிறது என்பதை விட்டுவிட்டு, எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துப் பயிற்சி நூல் கொடுப்பது. ஒரே அறையில் மூன்று வகுப்பை வைத்துக்கொண்டு அல்லாடும் ஈராசிரியர் பள்ளிக்கு இது தோதான ஏற்பாடு. மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் அரும்பில் இருக்கலாம். யாரும் கேலி செய்வதில்லை, ஏனென்றால் அவன் பக்கத்தில் அவன் தங்கச்சியும் அதே நூலோடு உட்கார்ந்திருக்கிறாள்.

செவ்வாய்க்கிழமை கிச்சடி. சாப்பிட்டு வந்ததும் சொற்கள்.

பலகையில் ‘படம்’. மூன்று எழுத்தையும் அந்தப் பையனுக்குத் தெரியும். ஒவ்வொன்றாகக் கேட்டால் சரியாகச் சொல்கிறான். “ப… ட… இம்.” சேர்த்துச் சொல்லச் சொன்னால், “படயிம்.” மறுபடி. “படயிம்.” பின்னால் மூன்றாம் வகுப்பு சிரிக்கிறது. அவன் அசரவில்லை, தான் சரியாகத்தான் சொல்கிறோம் என்ற தெம்பு முகத்தில் இருக்கிறது. ஒரு வகையில் அவன் சொல்வது சரிதான். மெய்யெழுத்தை இக், இங், இச் என்று ஓதித்தானே கற்றுக்கொடுத்தோம்? அந்த முன்னொட்டு இகரம் வாய் திறக்க வைத்த முட்டு. சொல்லுக்குள் போகும்போது அதைக் கழற்றிவிட வேண்டும் என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை. கொடுத்ததை அப்படியே கூட்டியிருக்கிறான்.

டீச்சர் “தப்பு” என்று சொல்லவில்லை. “மாடு எப்படிக் கத்தும்?” என்றார். “ம்ம்மா.” “மா வேணாம், அதுக்கு முன்னாடி வாய மூடிக்கிட்டு வருதுல்ல, அத மட்டும் சொல்லு.” பையன் உதட்டை இறுக்கி “ம்ம்ம்” என்று இழுத்தான். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள், வகுப்பே இரைந்தது. “இப்ப பட… சொல்லிட்டு வாய மூடு.” “பட… ம்ம்.” அவன் கண்ணை விரித்துக்கொண்டு பலகையைப் பார்த்தான். “படம்!” அப்புறம் மரம், பழம், குளம் என்று ‘ம்’மில் முடிகிற எல்லாவற்றையும் வாயை மூடி மூடிப் படித்தான். ‘பல்’ வந்தபோது மீண்டும் “பயில்” என்று சறுக்கினான். அது வேறு நாள் வேலை.

ஐந்து வயதுப் பிள்ளை செய்கிற தப்புக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு நியாயம் இருக்கிறது. அந்த வாரம் முழுக்க டீச்சர் செய்ததைப் பார்த்தால், சொல்லிக்கொடுத்ததைவிட அந்த நியாயத்தைத் துப்பறிந்ததுதான் அதிகம். கூட்டமாக ‘அ, ஆ, இ, ஈ’ ஓதுவதை நான் வீண் என்று சொல்லமாட்டேன். அதன் தாளத்தில் வரிசை மனதில் பதிகிறது. ஆனால் இருபது குரலுக்குள் தெரியாத குரல் ஒளிந்துகொள்ளும். படயிம் என்று தனியாகச் சொன்னால்தானே எங்கே சிக்கியிருக்கிறது என்று தெரியும்?

அன்றைய பெரிய சிக்கல் கொம்பு. ‘செடி’ எழுதச் சொன்னார். ஐந்தாறு சிலேட்டுகளில் முதலில் ‘ச’ நின்றது, அதற்கு வலப்பக்கம் ஒற்றைக்கொம்பு, அப்புறம் ‘டி’. கொம்பு பக்கம் மாறி டகரத்தின் தலைமாட்டில் போய் உட்கார்ந்துவிட்டது. பிள்ளையைக் கேட்டால் விளக்கம் தெளிவாக வருகிறது: “மொதல்ல ச் தான டீச்சர் வருது, அப்புறந்தான எ வருது?” காது கேட்ட வரிசையில் கை எழுதியிருக்கிறது. துணைக்கால் வலப்பக்கம், கொக்கியும் சுழியும் மேலே, உகரக் குறிகள் கீழே, ஆனால் எகரம், ஏகாரம், ஐகாரம் மட்டும் முன்னால் வந்து நிற்கும். ஒகரம் இரண்டு பக்கமும் காவல் போடும். ஒலி பின்னால், குறி முன்னால். இதில் குழம்பாத பிள்ளை காதால் கேட்டு எழுதவில்லை, பார்த்து வரைந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம்.

குறில் நெடில் குழப்பத்துக்குப் பெரியவர்களே நூற்றாண்டுக் கணக்கில் ஆளானவர்கள். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் முற்காலத்தில் புள்ளிதான் வித்தியாசம். ஓலையில் புள்ளி குத்தினால் கிழியும் என்று அதையும் விட்டுவிடுவார்கள், படிக்கிறவர் இடம் பார்த்துப் படித்துக்கொள்ள வேண்டும். 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் வந்துதான் கொம்பை மேலே சுழித்து நெடிலுக்குத் தனி அடையாளம் கொடுத்தார். இத்தாலியிலிருந்து வந்தவருக்கு, அந்தச் சிலேட்டுப் பிள்ளைகளைப்போலவே, எது குறில் எது நெடில் என்று திணறிய அனுபவம் இருந்திருக்குமோ என்று நினைத்துக்கொண்டேன்.

டீச்சரின் வைத்தியம் எளிமையானது. தரையில் சாக்பீஸால் பெரிதாக ‘ச’ போட்டார். ஒரு சிறுமியைக் கூப்பிட்டு அதன் மேல் நிற்கவைத்தார். “இவதான் ச. இப்பக் கொம்பு வருது, எந்தக் கைப் பக்கம் நிக்கணும்?” கொம்பாக வந்தவன் சாப்பிடுகிற கைப் பக்கம் போய் நின்றான். “அந்தப் பக்கம் நின்னா டி ஒன்னயத் தூக்கிட்டுப் போயிரும்டா.” டி-யாக நின்றவள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தே விட்டாள். பிறகு புளியங்கொட்டைகளைக் கோட்டின் மேல் அடுக்கச் சொன்னார். எழுதுகோல் பிடிக்கத் திணறுகிற விரல்களுக்குக் கொட்டை அடுக்குவது சுலபம். அடுக்குகிறபோது கொம்பு எங்கே முளைக்கிறது என்பதைக் கை மெதுவாகப் பார்த்துக்கொள்கிறது. அன்று சாயங்காலத்துக்குள் சிலருக்குக் கொம்பு இடம் மாறியது. மீதிப் பேருக்கு இல்லை.

வீட்டிலிருந்தும் சிக்கல் வரும். ‘யானை’ எழுதிவரச் சொன்னதற்கு, ஒரு பையன் அப்பத்தாவின் கையைப் பிடித்து எழுதிக்கொண்டு வந்திருந்தான். அதில் ‘னை’ பழைய பாணியில், முன்னால் கொம்பு இல்லாமல் னகரத்தின் தலையிலேயே ஒரு வளைவோடு இருந்தது. 1978இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஆணையாக வெளியிட்டு ணை, லை, ளை, னை உட்பட 13 எழுத்துகளை மாற்றுவதற்கு முன்னால் பள்ளிக்குப் போனவர் அப்பத்தா. பையன் அதை வகுப்பு முழுக்கக் காட்டினான்: “எங்கப்பத்தா யானைக்குத் தும்பிக்கையும் போட்டிருக்கு!” டீச்சர் அதை வகுப்பிலேயே ஒட்டிவைத்துவிட்டார். திருத்தவேண்டிய வீட்டுப்பாடமா, காட்சிப் பொருளா என்று அவருக்கும் சந்தேகம் போலிருக்கிறது.

புதன்கிழமை காலையில் பலகை அழிக்கப்படாமல் இருந்தது. அந்த ஆட்டு வாக்கியம் மூன்றாம் நாளாக அப்படியே. சிறுமி படித்தாள்: “எங்க” என்று ‘ஆடு’வில் விரல் வைத்தாள், “ஆடு” என்று ‘குட்டி’யில், “குட்டி” என்று ‘போட்டது’வில். விரலுக்கு இடம் தீர்ந்துவிட்டது. வாயில் இன்னும் ஒரு சொல் மிச்சம். முதலிலிருந்து ஆரம்பித்தாள். மறுபடி மிச்சம். முன்பெல்லாம் கடைசிச் சொல்லின் மேல் இரண்டையும் சேர்த்துச் சொல்லி முடித்துவிடுவாளாம். இந்த முறை திரும்பிப் பார்த்து, கொஞ்சம் கோபமாகவே, “டீச்சர், ‘எங்க’வ விட்டுட்டீங்க” என்றாள். சாக்பீஸை அவள் கையில் கொடுத்தார் டீச்சர். தாழ்ந்த பலகை என்பதால் எட்டியது. ‘எ’ எழுதினாள், ‘ங்’குக்கு உதவி கேட்டாள், ‘க’ தானாக வந்தது.

அதே நாளில் கணக்கு. இங்கும் ஒரு நியாயமான தப்பு. ‘பதினாறு’ எழுதச் சொன்னால் மூன்று பேர் 106 எழுதினார்கள். பத்து என்றால் 10, ஆறு என்றால் 6, பக்கத்தில் வைத்தால் 106. காதில் விழுந்ததை ஒரு பைசா குறையாமல் எழுதியிருக்கிறார்கள். தமிழில் பத்து முன்னால் வருவதால் இந்தக் குழப்பத்தோடு தப்பித்தோம். ஆங்கிலத்தில் ‘சிக்ஸ்டீன்’ என்று ஆறு முன்னால் வருகிறது. ஆங்கில வழிப் பிள்ளை அதைக் கேட்டு 61 எழுதுவதைப் பார்த்திருக்கிறேன்.

முதலில் ஐஸ் குச்சிகள். பத்துப் பத்தாக எண்ணி ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுவது. எண்ணுவதிலேயே பாதி நேரம் போயிற்று. வாய் ‘ஏழு, எட்டு’ என்று ஓடுகிறது, கை இன்னும் ஐந்தாவது குச்சியில் நிற்கிறது. நூறு வரை மடமடவென்று ஒப்பிக்கிற பிள்ளைக்கும் பதினைந்து குச்சியைத் தவறாமல் எண்ண வராமல் இருக்கலாம். பெற்றோர் கூட்டத்தில், “வீட்டுல நூறு வரைக்கும் சொல்லுதே டீச்சர்” என்று அடித்துப் பேசுகிற அம்மாக்கள், ஒரு கைப்பிடிக் கடலையைக் கொடுத்து எண்ணச் சொல்லிப் பார்க்கலாம்.

ஒரு கட்டும் ஆறு உதிரியும் பாயில் வைத்தாகிவிட்டது. பிறகு இரண்டு அட்டைகளை எடுத்தார். நீளமான அட்டையில் 10, அதில் பாதியளவு அட்டையில் 6. பத்தின் மேல், வலது ஓரமாக ஆறை வைத்தார். 16.

“பூஜ்ஜியம் எங்க போச்சு?”

பாயில் உட்கார்ந்திருந்த ஒருவன் எழுந்து வந்து ஆறைத் தூக்கிப் பார்த்தான். “இந்தா இருக்கு. அடியில ஒளிஞ்சிருக்கு.” எல்லாரும் வந்து தூக்கிப் பார்த்தார்கள். எட்டை வைத்தார்கள், தூக்கினார்கள், பூஜ்ஜியம் இருந்தது. மதிய உணவு மணி அடித்தும் இந்த விளையாட்டு முடியவில்லை. 106 எழுதிய மூன்று பேரில் ஒருத்தி மத்தியானம் 14 எழுதிவிட்டு, சிலேட்டைத் திருப்பி அடிப்பக்கம் பூஜ்ஜியம் இருக்கிறதா என்று பார்த்தாள்.

இத்தனைக்கும் நடுவில் இரண்டும் மூன்றும் என்ன செய்துகொண்டிருந்தன? இதைத்தான் பயிற்சிக் கூட்டங்களில் போகிறபோக்கில் தாண்டிவிடுகிறார்கள். மூன்றாம் வகுப்பு பயிற்சி நூலில் எழுதிக்கொண்டிருந்தது, எழுதாமலும் இருந்தது. இரண்டாம் வகுப்பில் இருவர் படித்தல் களத்தில் படக்கதைப் புத்தகத்துக்காகச் சண்டை போட்டார்கள். ஒருத்தி ஒன்றாம் வகுப்புக்குள் வந்து உட்கார்ந்து, தனக்குத் தெரிந்ததை எல்லாரையும் முந்திச் சொல்லிக்கொண்டிருந்தாள். டீச்சர் குரல் கொடுத்தபடி இருந்தாலும், அவர் கண் ஓர் இடத்தில் இருந்தால் வேறு இடத்தில் இல்லை. எந்தக் கையேடும் இதைச் சரிசெய்துவிட முடியாது. வேண்டியது இன்னொரு ஆள்.

வியாழக்கிழமை மழை விட்டிருந்தது. இலை பொறுக்கி வந்து வகைப்படுத்தும் செயல்பாடு. பெரியது சிறியது, அகலம் நீளம் என்று பிரிப்பார்கள் என்பது எதிர்பார்ப்பு. முருங்கை, வேம்பு, புளி, எருக்கு, நொச்சி, ஆடாதோடை எல்லாம் பாயில் குவிந்தன. “ஒரே மாதிரி இருக்கிறத ஒன்னாச் சேருங்க” என்றார் டீச்சர். அவர்கள் இரண்டு குவியல் போட்டார்கள். ஆடு திங்கிறது, திங்காதது. வேப்பிலையில் வழக்கு வந்தது. கசக்கும், திங்காது என்றான் ஒருவன். ஆட்டுக்காரச் சிறுமி எடுத்துத் ‘திங்கிறது’ பக்கம் போட்டாள். அவள் வார்த்தைக்கு மேல் அப்பீல் இல்லை. சற்று நேரத்தில் புளியங்கொழுந்து மட்டும் தனியாக மூன்றாவது குவியலானது: நாங்க திங்கிறது. குவியல் சீக்கிரமே குறைந்துவிட்டதைச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு காரணத்தை வைத்துப் பிரிக்கிறார்களா, அந்தக் காரணத்தில் கடைசிவரை நிற்கிறார்களா என்பதுதான் பார்க்கவேண்டியது. நின்றார்கள்.

வெள்ளிக்கிழமை ஆங்கிலப் பாட்டு, ஓவியம், பாதிப் பேர் காய்ச்சல். பி எழுத்தும் டி எழுத்தும் முதுகைத் திருப்பிக்கொள்கிற பழைய கதை அங்கும் நடந்தது. மத்தியானத்துக்கு மேல் டீச்சர் கைபேசியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். பிள்ளைவாரியாகச் செயலியில் மதிப்பீட்டை ஏற்ற வேண்டும். சிக்னல் ஜன்னல் ஓரத்தில்தான் கிடைக்கும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே விடையைத் தொட்டுக்கொண்டே போனார். படயிம்மைச் செயலி கேட்காது. செடியின் கொம்பு வலப்பக்கம் போனதா, சுழி விட்டுப்போனதா என்றும் கேட்காது. மேலே இருப்பவர்களுக்கு மாவட்டவாரியாகத் தெரிந்தாக வேண்டியது வேறு, அது புரிகிறது. ஆனால் ஒன்றாம் வகுப்பு டீச்சரின் அரை நாள் அதில் போகிறது என்பதும் கணக்கில் வர வேண்டும்.

கைபேசியை வைத்துவிட்டு, அட்டை கிழிந்த நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்தார். அது யாருக்கும் அனுப்புவதல்ல. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம். ‘இம் போச்சு, இல் இருக்கு.’ ‘106 – அட்டை வச்சா வருது, எடுத்தா வரல.’ ‘எங்க – தானே கண்டுபிடிச்சா.’ கொம்பு சரியாகாத பிள்ளைகளின் பெயரைத் தனியாக எழுதி வட்டம் போட்டார். அடுத்த வாரப் பாடக்குறிப்பில் ஒகர வரிசை வரவேண்டும். அதை அடித்துவிட்டு, திங்களும் செவ்வாயும் எகர ஏகாரமே மறுபடி என்று எழுதினார்.

வட்டார வள மையத்திலிருந்து ஆசிரியர் பயிற்றுநர் அடுத்த வாரம் பார்வைக்கு வருகிறார். பாடம் ஏன் பின்தங்கியிருக்கிறது என்று கேட்டால் என்ன சொல்வீர்கள் என்றேன்.

“நாலு பிள்ளைக்கு இன்னும் கொம்பு இந்தப் பக்கம் வரல சார்னு சொல்லுவேன். நம்பலைன்னா சிலேட்டக் குடுத்து எழுதச் சொல்லிப் பாக்கட்டும்.”